விரதம் என்று எல்லோரும் நினைத்தது

போன வாரம் வகுப்பில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: சாப்பிட மறுக்கிற பிள்ளை வந்து எதிரே உட்கார்ந்தால் முதலில் என்ன கேட்பீர்கள் என்று. வீட்டுக்குப் போன பிறகு, ஆரணியில் நான் பார்த்த ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். அவள் கதையைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அதில் கிடைக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் பொது மருத்துவர். காய்ச்சல், மஞ்சள் காமாலை, பாம்புக்கடி, நாள் முழுக்கத் தறியில் குனிந்து உட்கார்வதால் வரும் இடுப்புவலி, எல்லாம் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். இன்று நீங்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் நோய்ப் பெயர்கள் எங்கள் ஊரில் யார் வாயிலும் வந்ததில்லை. நானே அவற்றைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகத்தான் படித்திருந்தேன். ஏதோ சீமையில் வசதியான வீட்டுப் பெண்களுக்கு வருவது என்கிற தோரணையில் அந்தப் பத்தி எழுதப்பட்டிருந்தது.

அந்தப் பெண்ணைப் பத்மா என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தவளை அவள் அம்மா சைக்கிள் ரிக்‌ஷாவில் அழைத்து வந்தார். ரத்தம் குறைவாக இருக்கும், டானிக் எழுதிக் கொடுங்கள் என்றார். நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். வெளியே கொளுத்துகிற வெயில். அந்தக் கை சில்லென்று இருந்தது. நாடி, தூங்குகிற கிழவருடையதைப் போல நிதானமாக நடந்துகொண்டிருந்தது. முன்னங்கையில் பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல் மெல்லிய பூனைமுடி. அம்மாவைத் தனியே கேட்டபோது, மாதவிலக்கு நின்று பல மாதங்களாகின்றன, அவள் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை என்றார்.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். அம்மா சற்றுத் தயங்கினார். பிறகு அவர் குரலில் கவலையோடு கொஞ்சம் பெருமையும் கலந்தது. அவர்கள் சமணர்கள். பூர்வீகம், எங்கள் பக்கத்துச் சமணக் கோயில் இருக்கிற திருமலைக்கு அருகே ஒரு கிராமம். அப்பாவுக்கு ஆரணியில் தாலுகா ஆபீசில் வேலை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வீடு, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் வீடு. அந்த வீட்டிலேயே பத்மாவின் பக்தி எல்லோரையும் மிஞ்சிவிட்டது என்றார்.

ஆரம்பம் ஒரு அறிவியல் வகுப்பு. ஆசிரியர் ஒரு பட்டுக்கூட்டைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பட்டு நூலைத் தெரியும், சாயத்தைத் தெரியும், புடவையைத் தெரியும். கூட்டைப் பார்த்ததில்லை, நூல் எங்கிருந்தோ வந்து இறங்கும். உள்ளே புழு உயிரோடு இருக்கும்போதே கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள், அப்போதுதான் நூல் அறாமல் வரும் என்று ஆசிரியர் விளக்கினார். பத்மா வீட்டுக்கு வந்து தன் பட்டுப் பாவாடையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அப்புறம் அதை எடுக்கவேயில்லை. வீட்டுக்கு வீடு தறி ஓடும் ஊரில் ஒரு சின்னப் பெண் பட்டு வேண்டாம் என்றது பேச்சாகிவிட்டது. உறவுக்காரர்கள் கோயிலில் பார்த்தால் அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அப்பா ஆபீசில் எல்லோரிடமும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. கிழங்கு வகைகளை முன்பே அந்த வீட்டில் தொடமாட்டார்கள். இவள், உள்ளே உயிர் இருக்கும் என்று கத்தரிக்காயை விட்டாள், கீரையை விட்டாள், தயிரை விட்டாள். மழைக்காலத்தில் ஒருநாள் சோற்றில் வெந்துபோன ஒரு வண்டைப் பார்த்தாள். அன்றிலிருந்து சோறும் குறையத் தொடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் இது ஒரே கயிற்றில் வரிசையாகக் கோத்ததுபோல் தெரிந்தது. பட்டை விட்டவள் தயிரை விடுகிறாள், அவ்வளவுதான்.

பத்மாவிடம் தனியாகப் பேசினேன். எதைக் கேட்டாலும் சரியான பதில் சொன்னாள். உயிருக்கு இம்சை செய்யக் கூடாது. நாக்கை அடக்க வேண்டும். மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் இருந்தது. ஆனால் நர்ஸ் ஏதோ எடுக்க வந்து என் மேசையிலிருந்த டிபன் டப்பாவை நகர்த்தி அவள் பக்கமாக வைத்தபோது, பத்மா நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள். விரதம் இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டைக் கண்டால் அவர்கள் ஆசையை அடக்குவார்கள். இவளுக்கு அடக்க ஆசையே இல்லை. கடிக்கிற நாய் பக்கத்தில் வந்துவிட்டதுபோல் அந்த டப்பாவைப் பார்த்தாள்.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் வந்துதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு அம்மா பெண்ணை அழைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அப்பா வந்தார். மரியாதையான மனிதர். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். அடுத்த வாரம் நோன்பு நாட்கள் தொடங்குகின்றன. பத்மா வெறும் தண்ணீரை மட்டும் குடித்து நீண்ட உபவாசம் இருக்கப்போகிறாள். தானாகவே கேட்டாள். திருமலைக் கோயிலில் விரதம் ஏற்பது, முடிந்ததும் பாரணை, அதாவது நோன்பு முடித்து முதல் உணவு எடுத்துக்கொள்கிற சடங்கு, எல்லாவற்றுக்கும் ஊரில் உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

அந்த நாடியோடு அவள் தண்ணீரை மட்டும் குடித்துப் படுத்தால் திரும்ப எழுந்திருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

“எங்க வீட்டுல தலமுற தலமுறயா இருந்துகினு வர்ற விரதங்க இது. யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. உடம்புக்கு மருந்து குடுங்க, வாங்கிக்கிறோம். இதுல மட்டும் கை வைக்காதீங்க டாக்டரம்மா” என்றார்.

என்னோடு வேலை பார்த்த மூத்த மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குச் சந்தேகமே இல்லை. பெண் செத்துப்போகும் என்று நேராகச் சொல்லு, பயமுறுத்து, அழைத்து வந்து மூக்கில் குழாயைப் போட்டுக் கஞ்சியை ஊற்று, மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னது தவறென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். உயிர்தான் முதலில். ஆனால் அந்த அப்பாவின் முகத்தை நான் பார்த்திருந்தேன். அவருடைய விரதத்தோடு நான் சண்டைக்குப் போனால் அவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு திருமலைக்குப் போய்விடுவார். பிறகு என் கையில் எதுவும் இருக்காது. சும்மா இருந்தாலும் அதேதான் நடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டியிருந்தது.

அவர் வீட்டு வாசலுக்கே போய், ஒரு வேண்டுகோள் என்றேன். விரதத்தை விடச் சொல்லவில்லை. விரதத்துக்கு முன்னால் அவள் ஒரு வேளை சாப்பிடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வீடு தேடி வந்தவளை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் மத்தியானம் வரச் சொன்னார்.

போனபோது அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். பத்மாவின் அத்தை; அப்பாவுக்கு மூத்தவர். கிராமத்தில் இருப்பவர், விரதத்துக்காக வந்திருந்தார். பல நீண்ட உபவாசங்களை முடித்தவர் என்று அறிமுகம் செய்து வைத்தார்கள். ஒல்லியான உடம்பு, நல்ல சிரிப்பு. எனக்கு இலை போட்டு, நான் போதும் போதும் என்னும்படி பரிமாறினார்.

பத்மா தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு கரண்டிச் சோறு. அதைத் தட்டு முழுக்கப் பரப்பினாள், ஒன்றின்மேல் ஒன்று படாமல். பிறகு ஒரு பருக்கையை விரலால் திருப்பி, வண்டு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள். அடுத்ததைத் திருப்பினாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும், முதலில் பார்த்ததில் சந்தேகம் வந்து மறுபடி ஆரம்பித்தாள். நாங்கள் சாப்பிட்டு எழுந்தோம். அவள் நெற்றியில் வியர்வை. சோறு காய்ந்து தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா பழக்கப்பட்டவர்போல வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார். அத்தை மட்டும் அதைப் பார்த்தபடியே நின்றார். அவருக்கு இது புதிது.

பத்மாவிடம் எதையும் கேட்காமல் நான் அத்தையிடம் பேச்சுக் கொடுத்தேன். உபவாசத்தில் கஷ்டமான நாள் எது என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டேன்.

“மொத நாளு பசிக்கும். அப்பால பசி அடங்கிடும்” என்றார் அத்தை. “ஆனா பாரணை அன்னிக்குக் குளிச்சிட்டு, சாமி கும்பிட்டுட்டு, மொத வாய் கஞ்சித் தண்ணி உள்ள போவும் பாருங்க, அந்த ருசி வேற எதுலயும் கெடையாது டாக்டரம்மா. அரிசிக்கு வாசன இருக்குதுன்னே அன்னிக்குத்தான் தெரியும்.” சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்திருந்தது.

பத்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு போவதை நான் பார்த்தேன்.

“எனக்கு அந்தப் பாரணைதான் பயமா இருக்குது அத்த” என்றாள்.

அவளே தொடர்ந்தாள். “நோன்புல இருந்தா தட்டு முன்னாடி உக்கார வேணாம். யாரும் சாப்புடு சாப்புடுன்னு சொல்ல மாட்டாங்க. அந்த நாளுங்கள்லயாவது நிம்மதியா இருக்கலாம்னுதான் கேட்டேன். அது முடிஞ்சா இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல.”

அவள் அப்பா கையில் தண்ணீர்ச் சொம்போடு கூடத்து ஓரத்தில் நின்றிருந்தார். சொம்பைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றார். அத்தை பத்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் ஈரக் கையைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார்: “இது நோன்பு இல்லடா. புள்ள பயந்துகினு இருக்குது. பயத்துல கேட்ட விரதத்த சாமி முன்னாடி போயி எப்பிடிடா ஏத்துக்க வெப்ப?”

அன்று பொழுது சாய்வதற்குள் பத்மா மருத்துவமனைக்கு வந்துவிட்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். “ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாய்?” என்று அந்தப் பெண்ணை எல்லோரும் கேட்டிருந்தார்கள். நானும் கேட்டேன். அதற்கு அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது, அந்தப் பதிலுக்கு ஊரே கைகூப்பியது. சாப்பாட்டின் முன்னால் உட்காரும்போது உனக்கு என்ன ஆகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். இரண்டாவதைக் கேட்க, நாம் அந்தத் தட்டின் பக்கத்தில் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

மருத்துவமனைக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பயம் சொல்லிவிட்டால் போய்விடுவதில்லை. அவள் சாப்பிட முயன்றாள், முடியவில்லை. இன்னும் நாடி இறங்கினால் குழாய் போடத்தான் வேண்டும் என்று அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கொழாயில ஊத்துனா அத நான் பார்க்க வேணாம் இல்ல?” என்று கேட்டாள். குரலில் ஆறுதல் தெரிந்தது. நான் கடைசி ஆயுதமாக வைத்திருந்தது அவளுக்கு ஒளிந்துகொள்ள இன்னொரு இடமாகத் தெரிந்திருக்கிறது. குழாயைத் தயாராகத்தான் வைத்திருந்தேன், அவளுடைய நாடி என்னை அந்த எல்லை வரை கொண்டுபோயிற்று. ஆனால் தாண்டவில்லை. வடித்த கஞ்சித் தண்ணீரை அத்தை முதலில் குடித்துக் காட்ட, அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு கண்ணைத் திறந்துகொண்டு விழுங்கினாள். அந்த இரண்டுக்கும் இடையில் எத்தனை அழுகை என்று நான் கணக்கு வைக்கவில்லை.

அவள் சாப்பிடத் தொடங்கியபோது வேறொரு ஆபத்து வந்தது. பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாக உணவைக் கொட்டினால் இதயம் தாங்காது என்று உங்களுக்குப் பாடமாகவே இருக்கிறது. பெற்ற அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? நான் சொல்லியிருந்தும் அவரால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் ஃபிளாஸ்க் நிறையப் பாதாம் பாலும், நெய் சொட்டும் கேசரியும் கொண்டுவந்து ஊட்டிவிட்டார். மகளும் அப்பாவுக்காகச் சாப்பிட்டிருக்கிறாள். மறுநாள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் நாங்கள் எல்லோரும் பயந்துதான் போனோம். அவள் தேறியதும் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினேன். திட்டவில்லை. இத்தனை மாதம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோமே என்று அவர் தன்னையே தின்றுகொண்டிருந்தார். அந்தக் கேசரி அதற்கான பிராயச்சித்தம். அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஊட்டுவது மாதிரிதான் என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அவர் ஆபீஸ் விட்டு நேரே வந்து கட்டில் ஓரத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்.

பத்மா ஒருநாள் என்னிடம் கேட்டாள்: “கொதிக்கிற தண்ணியில அந்தப் புழு இன்னா பண்ணியிருக்கும் டாக்டர்?” ஒன்றும் தெரியாது, வலிக்காது என்று சொல்லிவிடலாம். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. வலித்திருக்கும் என்றுதான் சொன்னேன். அவள் அழவில்லை. யாரோ ஒருவர் ஒத்துக்கொண்டார்களே என்பதுபோல் பார்த்தாள். அவளுடைய இரக்கம் நோய் அல்ல. அதைக் குணப்படுத்துவது என் வேலையும் அல்ல. நான் ஆரணியில் இருந்தவரை அவள் பட்டு கட்டவில்லை. கட்டச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பட்டை விட்டது அவள். சோற்றை விட வைத்தது பயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நாம் மருந்து கொடுக்கத் தொடங்கினால், பிள்ளை நம்மைக் கண்டு ஓடிவிடும்.

வீட்டுக்குப் போன பிறகுதான் நீண்ட வேலை. சமைக்கும் முன் அரிசியை முறத்தில் போட்டு ஒருமுறை பார்ப்பது, எல்லா வீட்டிலும் பார்ப்பதுபோல. சோறானதும் பார்க்கக் கூடாது. இது நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். கொஞ்ச நாளில் முறத்தின் முன்னாலேயே மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டாள் என்று அம்மா வந்து சொன்னார். முறத்தை அத்தை வாங்கிக்கொண்டார். பத்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பரீட்சை நெருங்கியபோது பருக்கையைத் திருப்பும் பழக்கம் மறுபடி வந்தது. அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை, அடுத்த வருஷம் எழுதினாள். வேலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் மாதாமாதம் அழைத்துப் போனார்கள். அத்தை கிராமத்துக்குத் திரும்பவேயில்லை. அந்த வீட்டிலேயே தங்கி, வெளிச்சம் இருக்கும்போதே பத்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசக் கூடாது, வேறு எதைப் பற்றியும் பேசலாம் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். மாதவிலக்கு திரும்பிவிட்டது என்று ஒருநாள் அம்மா வந்து என் காதில் சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

எனக்கு மாற்றல் வந்தபோது அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். எல்லோருக்கும் வரிசையாக வாழையிலை. பத்மா என் எதிரே. இலையில் சோறு விழுந்ததும் பார்த்தேன்: அவள் இலை ஓரத்தில் ஒரு எறும்பு ஏறிச் சோற்றுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அப்பாவும் பார்த்துவிட்டார். அவர் கை பாதி வழியில் நின்றது. அம்மா குழம்புக் கிண்ணத்தோடு நின்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். யாராவது ஒரு வார்த்தை பேசினால் போயிற்று என்று எனக்குத் தோன்றியது.

பத்மா எறும்பைப் பார்த்தாள். இடது கை ஆள்காட்டி விரலை அதன் முன்னால் வைத்தாள். அது விரலில் ஏறும்வரை காத்திருந்தாள். எழுந்து போய் ஜன்னல் விளிம்பில் அதை இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அதே இலையின் முன்னால் உட்கார்ந்தாள். சோற்றை ஒருமுறைகூடத் திருப்பவில்லை. பிசைந்து வாயில் வைத்தாள்.

நாங்கள் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் நிமிர்ந்து என் இலையைப் பார்த்தாள்.

“நீங்க இன்னும் சாப்புடவே இல்லியே டாக்டர்” என்றாள். “ஆறிப்போவுது பாருங்க.”